பின் சுவரில் மட்டும் மழை

ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுக்கிறவனுக்குப் படம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. படம் ஓடும்போது அவன் வீட்டுக்காரர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். பேச்சு கேட்கவில்லையென்று கூட்டி, பாட்டு வந்ததும் பதறிக் குறைத்து, ரிமோட்டை மடியிலேயே வைத்திருக்கும் வாசகர்களே, உங்களுக்கு என் பாடு புரியும்.

சுவர் யாருடையது

பள்ளத்தூர் அண்ணாமலை அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை அறுபதாம் கல்யாணம். வரும் சொந்தக்காரர்களுக்குக் கூடத்தில் படம் போட்டுக் காட்ட ஆசைப்பட்டார். காரைக்குடியில் கடை திறந்தபின் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வீடு. அத்தனை பேர் முன்னால் சொதப்பினால் இந்த வட்டாரத்தில் ஒரு வீட்டிலும் என்னை உள்ளே விடமாட்டார்கள்.

கூடம் இரண்டு பங்காளிகளுக்குப் பொது. கிழக்குச் சுவர் அண்ணாமலை அண்ணன் பங்கு. மேற்குச் சுவர் அவர் சித்தப்பா மகன் சொக்கலிங்கத்தின் பங்கு. டிவியும் மூன்று ஸ்பீக்கரும் ஒரு பெரிய பெட்டியும் கிழக்கே வந்தால், மற்ற இரண்டு ஸ்பீக்கரும் பார்ப்பவர் முதுகுப் பக்கம், மேற்கே வந்தாக வேண்டும். ஐந்து புள்ளி ஒன்று என்னும் ஒலியமைப்பின் இலக்கணம் அது. அனுமதி கேட்டு நின்றேன். காபி ஆறும்வரை யோசித்தார் சொக்கலிங்கம்.

"ஓட்டை போட்டுக்கங்க தம்பி. ஆனா எங்க சுவத்துல வர்ற சத்தம் எங்களுக்குந்தான், பார்த்துக்கங்க."

வாய் திறக்காத இரண்டு

வெள்ளிக்கிழமை சோதனை ஓட்டம். டிஸ்க் உறையில் ஐந்து புள்ளி ஒன்று என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. பின் ஸ்பீக்கர் இரண்டும் மூச்சு விடவில்லை. திரையில் நீண்ட கோர்ட்டுக் காட்சி. வக்கீல்கள் முன்னால் பேசும்போது பின்னால் ஒலிக்க என்ன இருக்கிறது? சூழலைக் காட்டத்தான் அவை, சதா பேச அல்ல என்று விளக்கினேன். அண்ணாமலை அண்ணன் காதில் வாங்காமல் நாற்காலி மேல் ஏறி, ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தார். மரவேலை பார்க்கும் என் கூட்டாளி செல்வம் மெல்லக் கிட்டே வந்தான்.

"மாப்ள, வண்டியத் திருப்பி நிறுத்திட்டு வரவா?"

மழை வந்தது

நல்லவேளையாகக் கோர்ட்டு கலைந்து மழை பிடித்தது. மேற்கே சடசடவென்று கொட்டி, தவளையும் கத்தியதும் அண்ணாமலை அண்ணன் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். எனக்கு உயிர் வந்தது, நிலைக்கத்தான் இல்லை. தன் சுவரடியில், தன் நாற்காலியில், பின் ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த சொக்கலிங்கம் எழுந்தார்.

"வசனம், பாட்டெல்லாம் அவுக சுவத்துல, மழையும் தவளையும் எங்க சுவத்துலயா? நல்லாப் பிரிச்சீக தம்பி!"

அந்தப் புள்ளி ஒன்று

நடுக்கூடத்தில் உட்கார்ந்து கேளுங்கள், எல்லாம் சேர்ந்து வரும் என்றேன். தன் பக்கத்தை விட்டு நகர்ந்தால் விட்டுக்கொடுத்ததாகிவிடுமாம். ஞாயிற்றுக்குள் சரி பண்ணாவிட்டால் தன் சுவரிலிருந்து இரண்டையும் கழற்றிவிடச் சொன்னார். கழற்றினால் அண்ணாமலை அண்ணன் என்னையும் சேர்த்துக் கழற்றிவிடுவார். பயத்தில் எனக்குப் படிப்பு அதிகமாக வரும். புள்ளி ஒன்று என்பது இடிபோல அதிரும் அந்தப் பெரிய பெட்டி, அதிர்வுக்குத் திசை கிடையாது, ஆகவே அது இருவருக்கும் பொது என்று வாயைக் கொடுத்தேன். பெட்டி கிழக்கு மூலையில் இருந்தது.

"பொதுன்னா அது ஏன் அங்குட்டுப் போய் உக்காந்திருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை

ரிமோட்டில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் வரும். சாம்பாரையும் பாயசத்தையும் கலந்து ஒரே கரண்டியில் ஊற்றுவது போன்ற காரியம். நான் தொட்டதே இல்லை. பெரிய பெட்டியை நட்டநடுவே நகர்த்தினேன். பந்தி முடிந்து சனம் உட்கார்ந்தது. சொக்கலிங்கம் தன் சுவரடிக்குப் போனார். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பொத்தானை அழுத்தினேன். வக்கீல் நாலு பக்கமும் வாதாடினார். அடுத்த காட்சியின் மழை வசனத்தின் மேலேயே பெய்தது. கண்ணைத் திறந்து மேற்கே பார்த்தேன். சொக்கலிங்கம் தலையாட்டிக்கொண்டிருந்தார். மாலையைக்கூடக் கழற்றாத அண்ணாமலை அண்ணன் தன் நாற்காலியைத் தூக்கிப்போய் அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுதான் தம்பி சரியான சத்தம். தெரிஞ்சுக்கிட்டே ரெண்டு நாளா எங்கள மோத விட்டீகளாக்கும்?"

எந்த டிஸ்க் உறையிலும் இன்னும் அச்சாகவில்லையே தவிர, பள்ளத்தூர் வீடுகளுக்கு ஏற்ற ஒலியமைப்பு ஐந்து புள்ளி ஒன்றல்ல, ஆளுக்குச் சரிபாதி.