நாலு மணி வகுப்பு

“உங்க அக்கா நாலு நாளா வரலைடா” என்றார் அத்திம்பேர் தொலைபேசியில்.

அக்கா இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வருஷாப்திகம் முடிந்து, அதன்பின் வந்த சரஸ்வதி பூஜையும் முடிந்த வாரம் அது. அத்திம்பேர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜோசியம் பார்ப்பவர்களைக்கூடக் கேலி செய்வார். அவர் குரலில் பதற்றம் இருந்தது, குழப்பம் இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. அடையாறிலிருந்து மயிலாப்பூருக்கு உடனே கிளம்பினேன்.

அவர் சொன்னது இதுதான். அக்கா வீணை வகுப்பு எடுத்த கூடத்தில் அவளுடைய லேப்டாப்பை அவர் இன்னும் அணைக்கவில்லை. அதோடு இணைத்த ஹார்ட் டிஸ்க் ஒன்று பக்கத்தில் கிடக்கும், கைக்கடக்கமான கறுப்புப் பெட்டி. நாள் முழுவதும் அது சும்மா இருக்கும். சாயங்காலம் நாலு மணி, அதாவது அக்காவின் வகுப்பு நேரம் வந்ததும், யாரும் தொடாமலே உள்ளே ஏதோ சுழல ஆரம்பிக்கும், நீல விளக்கு மினுக்கும். ஒரு மணி நேரம் கழித்து அடங்கிவிடும். ஒரு வருஷமாக அந்த நேரத்தில் அத்திம்பேர் ஒரு டம்ளர் காப்பியை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். பூஜைக்குப் பிறகு விளக்கு எரியவில்லை.

“இத்தனை நாளா ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“சொன்னா நீ வந்து சரிபண்ணிடுவே.”

எதையும் வரிசையாகப் பார்ப்பது என் வழக்கம். முதலில் வயரை மாற்றினேன். பிறகு லேப்டாப்பின் வேறு துளையில் செருகினேன். திரையில் டிஸ்க் ஒரு கணம் தெரிந்தது, உடனே மறைந்தது. வயரை லேசாக அழுத்தினால் வந்தது, கையை எடுத்தால் போயிற்று. பெட்டியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன். மேல்மூடியில் சந்தனம், அதன் நடுவே குங்குமம். வயர் செருகும் துளையின் மேலும் ஒரு பொட்டு. சந்தனம் உள்ளே வழிந்து காய்ந்திருந்தது.

“அங்க எதுக்கு வச்சேள்?”

“வீணைக்கு யாளி முகத்துல வைக்கறோமோல்லியோ? இதுக்கு வாய் அதுதானே?”

பழைய பல் பிரஷ் ஒன்றை அவரிடம் வாங்கி, காய்ந்த சந்தனத்தைப் பொடிப்பொடியாகத் தட்டி எடுத்தேன். மறுபடி செருகியதும் பெட்டி மெல்ல அதிர்ந்தது. நீல விளக்கு எரிந்தது. அத்திம்பேர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார், வாசலில் யாரோ வந்துவிட்டதைப் போல.

டிஸ்கைத் திறந்து பார்த்தேன். இடம் காட்டும் பட்டை முழுக்கச் சிவப்பு. உள்ளே ஒலிப்பதிவுகள், ஒவ்வொன்றுக்கும் தேதியே பெயர். வெளிநாட்டிலிருக்கும் அக்காவின் சிஷ்யன் ஒருவன், தான் கேட்டுப் பழகுவதற்காக இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்திருந்தது எனக்குத் தெரியும். தினமும் நாலு மணிக்கு லேப்டாப் தானாகவே வகுப்பைப் பதிவு செய்யும். பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். அக்கா இறந்த தேதி வந்தது. அதற்கு மறுநாளும் ஒரு பதிவு இருந்தது. அதற்கு மறுநாளும்.

ஒன்றைத் திறந்தேன். மின்விசிறியின் சத்தம், ஒரு காக்கை, தெருவில் ஆட்டோ. பிறகு ஓர் ஆண் குரல்: “காப்பி ஆறிடறது பாரு.” அத்திம்பேரின் குரல். பேசிவிட்டு அவர் நிறுத்தும் இடங்களில் எல்லாம் வீணைத் தந்தி ஒன்று மிக மெல்லிதாக ரீங்கரித்தது.

“கேட்டியா? பதில் சொல்றா.”

ஆளில்லாத கூடத்தை இயந்திரம் பழக்கத்தில் பதிவு செய்துகொண்டிருக்கிறது என்றேன். பக்கத்தில் யாராவது பேசினால் அந்த அதிர்வில் தந்தி முனகும் என்றும் சொன்னேன். ஒரு நிரூபணத்தைச் சரிபார்ப்பவர்போல் தலையாட்டினார்.

“அது நேக்கும் தெரியும். காய்ச்சல்னு ஒங்காத்துல வந்து படுத்துண்டிருந்தேனே, அன்னிக்கு இங்க பூட்டியிருந்தது. அதைப் போடு.”

போட்டேன். பூட்டிய வீடு. எங்கோ குளிர்சாதனப் பெட்டியின் முனகல், அதுவும் நின்றது. தள்ளிவிட்டுக் கேட்கலாம் என்று கையை நகர்த்தினேன், அவர் தடுத்தார். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரே ஒரு தந்தி, ஒரே ஒரு தடவை, விரலால் மீட்டியதுபோல் தெளிவாக.

“மழை ஈரத்துல, தந்தியை முறுக்கற பிரடை இளகியிருக்கும்” என்றேன்.

“இருக்கும்” என்றார்.

மூலையில் பட்டுத்துணி போர்த்திக் கிடந்த வீணையின் பக்கம் நான் திரும்பவில்லை. கவனத்தை மாற்றப் பட்டியலின் ஆரம்பத்துக்குப் போனேன். அங்கேதான் விபரீதம் புரிந்தது. அக்கா எடுத்த முதல் மாதங்களின் வகுப்புகள் ஒன்றுகூட இல்லை. டிஸ்கில் இடம் தீர்ந்ததும் மிகப் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதியதை எழுது என்று சிஷ்யன் அமைத்துவைத்திருக்கிறான். அவள் இருந்தவரை இடம் தாராளமாக இருந்தது. இப்போது காலிக் கூடத்தின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அவளுடைய ஒரு மணி நேரம் போய்க்கொண்டிருந்தது.

“அத்திம்பேர், நீங்க இங்க பேசற ஒவ்வொரு நாளும் அவ எடுத்த க்ளாஸ் ஒண்ணு அழியறது.”

 அமைப்பை மாற்றலாமா என்று பார்த்தேன். சிஷ்யனின் கடவுச்சொல் கேட்டது. அவனைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அங்கே விடியவில்லை போலும். இங்கே நாலு மணி ஆகப்போகிறது.

“இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நடக்கட்டுமேடா. நாலு நாளா பேசலை.”

“இன்னிக்குப் போகப்போறது இதுதான்” என்று பட்டியலில் முதலாவதைத் திறந்தேன்.

அக்காவின் குரல் கூடத்தில் எழுந்தது. “அவசரப்படாதே. மறுபடி வாசி.” யாரோ ஒரு குழந்தை தப்பும் தவறுமாக வாசித்தது. உள்ளே குக்கர் கத்தியது. “ஏன்னா, அந்தக் குக்கரை அணைங்கோளேன், க்ளாஸ் நடக்கறது!” குழந்தை சிரித்தது. தூரத்திலிருந்து ஓர் ஆண் குரல்: “அணைச்சாச்சு, அணைச்சாச்சு.”

அத்திம்பேர் அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுல அவதான் மொதல்ல பேசறா” என்றார். வயரை நோக்கிக் கையை நீட்டினார்.

“இருங்கோ. முறைப்படி நிறுத்திட்டுத்தான் எடுக்கணும்.” நிறுத்தினேன். உள்ளே சுழற்சி அடங்கும்வரை காத்திருந்தோம். “ம், இப்ப.”

அவரே பிடுங்கினார். பெட்டியைத் துணியில் சுற்றி என் பைக்குள் வைத்தேன். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் வேறு டிஸ்கில் நகலெடுக்க வேண்டும். சற்று நேரத்தில் நாலு ஆயிற்று. பதிவு செய்ய இடம் கிடைக்கவில்லை என்று திரையில் ஒரு கட்டம் தோன்றியது. அதை மூடினேன்.

“இனிமே இங்க பேசினா எதுலயும் ஏறாது, இல்லியா?”

“ஏறாது.”

“சரி.”

 பிறகு அவர் என் பக்கம் திரும்பாமலே, குரலைத் தாழ்த்தி, “கார்த்தாலேர்ந்து ஒரே தலைவலி” என்றார்.

என்னிடம்தான் சொன்னாரா என்று தெரியவில்லை. எனக்கு முன்னால் வேறு யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.