எழும்பாத கை

சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் பிழிந்து பிழிந்தே என் வலது தோள்மூட்டின் தசைநார் பழுதாகிவிட்டது. தலைவாரக்கூடக் கை எழும்பவில்லை. என் கணவர்தான் கட்டைபறிச்சானிலிருந்து பஸ்ஸில் திருகோணமலைக்குக் கூட்டிப்போனார்.

வைத்தியர் தோளில் ஹயலுரோனிக் அமில ஊசி போட்டார். "மூட்டுக்கு எண்ணெய் விட்ட மாதிரி, நோவைக் குறைக்கும். கிழிஞ்ச தசைநாரை ஒட்டாது. பாரவேலை செய்யாதேங்கோ அம்மா."

"ஓம் டொக்டர், நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார் கணவர்.

என் கைப்பையை அவரே தூக்கினார். துறைமுக வீதியில் செவ்விளநீர் வாங்கித் தந்தார். கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் அப்படியொரு நாள் எனக்கு வாய்த்ததில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகையே வந்துவிட்டது.

அடுத்த கிழமை குசினியில் நின்று மெல்லக் கையை உயர்த்தினேன். நோவில்லாமல் தலைக்கு மேலே போனது! அவரிடம் சொல்ல முற்றத்துக்கு ஓடினேன். அவர் எனக்கு முதுகைக் காட்டியபடி கடை முதலாளியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"கையைத் திருத்திப்போட்டன் முதலாளி. திங்கக்கிழமையில இருந்து பழையபடி தரலாம். வேணுமெண்டா கூடவும் தரலாம்."

இடியப்ப உரலுக்குப் பிடி மாற்றியவரின் பேச்சு அது. போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"இஞ்சாரும், கை எழும்புதோ?"

"ஏலாது" என்றேன்.

இப்போது அவர்தான் பிழிகிறார். அந்த ஊசி ஒன்றுக்கும் உதவாது என்று ஊரெல்லாம் ஏசித் திரிகிறார். அவர் வெளியே போனதும் இரண்டு கையாலும் கொண்டை போட்டுக் கண்ணாடியில் பார்ப்பேன். படலை திறக்கிற சத்தம் கேட்டால் அவிழ்த்துவிடுவேன்.