ஓரத்து வெற்று வானம்

கௌரி கணக்கை மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். விடை மாறவில்லை. வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சத்திலிருந்து காமாக் கதிர்கள் வருகின்றன என்று ஜெர்மனியிலுள்ள பேராசிரியருக்கு அவள் எழுதி ஒரு மாதமாகியிருந்தது. அந்த நட்சத்திரத்திலிருந்து எந்தக் கதிரும் வரவில்லை என்று இப்போது தெரிந்தது.

போரினால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியிருந்த காலம். வெள்ளவத்தையில் சின்னம்மா அன்னபாக்கியத்தின் வீட்டில் அவளுக்கு ஓர் அறை. காலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிக வகுப்பு எடுக்கக் கொட்டாஞ்சேனைக்குப் போவாள். வழியில் இராணுவத்தினர் பஸ்ஸை நிறுத்தி இறக்குவார்கள். பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, கொழும்பில் ஏன் நிற்கிறாள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு மறுபடி ஏறுவாள். திரும்பி வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் பேராசிரியருக்கான மற்ற வேலை.

விண்வெளியிலிருந்து மின்னேற்றம் கொண்ட துகள்கள் ஓயாமல் பூமியில் வந்து விழுகின்றன. வந்த திசையை வைத்து அவை பிறந்த இடத்தைச் சொல்ல முடியாது. வழியிலுள்ள காந்தப் புலங்கள் அவற்றை அலைக்கழித்துவிடும். அந்தத் துகள்கள் மோதும்போது உண்டாகும் காமாக் கதிர்களுக்கு மின்னேற்றம் இல்லை. அவை நேரே வரும். ஆபிரிக்கப் பாலைவனம் ஒன்றில் நிற்கும் தொலைநோக்கிகள் பதிந்ததை எண்ணுவது கௌரியின் பங்கு. நட்சத்திரம் இருந்த இடத்தில் எவ்வளவு, பக்கத்து வெற்று வானத்தில் எவ்வளவு. வித்தியாசம் இருந்தால் அதுதான் செய்தி.

வெற்று வானத்தை அவள் கமராவின் ஓரத்தில் எடுத்துவிட்டாள். ஓரத்தில் எப்போதும் குறைவாகத்தான் பிடிபடும். அதைத் திருத்தாமல் ஒப்பிட்டதால் நடுவிலிருந்த நட்சத்திரம் பிரகாசித்தது. திருத்தியதும் அணைந்துபோயிற்று.

அந்தச் செய்தி நிலைத்தால் அவளுக்கு ஜெர்மனியில் ஆராய்ச்சி இடம். விசாவுக்கான கடிதமும் வரும். சின்னம்மா அதைக் கேட்ட அன்றே தொடர்மாடியின் எல்லா வீடுகளுக்கும் ஏறி இறங்கிச் சொல்லிவிட்டாள். அங்கே பிள்ளைகள் உள்ளவர்கள் அவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி வறுத்த மிளகாய்த்தூளைப் பொதிசெய்து தந்தார்கள். கௌரி படுக்கும் அறையெல்லாம் தூள் மணம்.

குசினிக்குப் போனாள்.

“சின்னம்மா, நான் எழுதினது பிழை. பேராசிரியருக்குச் சொல்லப்போறன்.”

அன்னபாக்கியம் தேங்காய் திருவுவதை நிறுத்தவில்லை. “அவர் கண்டுபிடிச்சிட்டாரோ?”

“இல்லை. நான்தான் கண்டனான்.”

“அப்ப அங்க போய் இறங்கினாப்பிறகு சொல்லன்.”

“அதை நம்பி மற்ற ஆக்களும் கணக்குப் போடுவினம்.”

“போடட்டுமன். வானத்தில ஒரு வெளிச்சம் கூடினா ஆருக்கு என்ன குறைஞ்சு போச்சு? காலம் முழுக்க றோட்டில இறங்கி நிக்க உனக்கு ஆசையே, பிள்ளை?”

கௌரிக்கு அந்த ஆசை இல்லை. அறைக்குத் திரும்பிச் சிறிய மின்னஞ்சல் ஒன்று எழுதினாள். பிழை என்னுடையது, திருத்திய எண் இது, முன்பு சொன்னதைக் கைவிடுகிறேன். வாசித்துப் பார்த்தால் மனம் மாறிவிடும் என்று வாசிக்காமலே அனுப்பினாள்.

“அனுப்பிட்டன்.”

சின்னம்மா கை கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு, எதிர்வீட்டுச் சிவக்கொழுந்தின் கதவைத் தட்டினாள்.

“அக்கா, கௌரின்ரை பயணம் கொஞ்சம் பிந்துமாம். அங்க இப்ப சரியான குளிராம். கோடைக்குத்தான் கூப்பிடுவினமாம்.”

“அதுவும் நல்லதுதான். குளிருக்க பிள்ளை போய் என்ன செய்யிறது? அப்ப நான் வடகமும் கொஞ்சம் போட்டுக் காயவைக்கிறன்.”

இதையும் போய்த் திருத்த வேண்டும் என்று கௌரி நினைத்தாள். கதவு திறந்துதான் கிடந்தது. அவள் எழும்பவில்லை.