நாலு மணிக்கு ஏறும் பி.பி.

போன வாரம் ஏற்காட்டுக்கு ஓய்வெடுக்கப் போனோம். கரடியூர் வியூ பாயிண்ட்டில் செல்ஃபிக்காக இரண்டு அடி பின்னால் நகர்ந்த என் மனைவி, கால் பிசகி உட்கார்ந்துவிட்டாள். ஓய்வு கிடைத்தது... மலை மேலேயே இருக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில். அவளுக்குக் கட்டில், எனக்கு பிளாஸ்டிக் ஸ்டூல்.

பக்கத்துக் கட்டிலில் மல்லிகா. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர். கணவருக்கு பெங்களூரில் கட்டட வேலை. மல்லிகாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, மாதக்கணக்கில் ரத்தப்போக்கு.

சர்ஜன் சேலத்திலிருந்து புதன்கிழமை நாலு மணிக்கு மட்டும்தான் வருவார். முந்தின நாளே வந்து சேர்ந்துவிட வேண்டும். புதன் நாலு மணிக்கு பி.பி. பார்த்தால் எகிறியிருக்கும், ஆபரேஷன் தள்ளிப்போகும். இப்படியே இரண்டு புதன் போய்விட்டன. இதுவும் போனால் சேலம் பெரியாஸ்பத்திரிக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். அங்கெல்லாம் போக முடியாது, கட்டியோடு வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார் மல்லிகா.

இது மூன்றாவது புதன், மணி மூன்றரை. நான் சும்மா இருப்பேனா? டென்ஷன் ஆகாதீங்கம்மா, சின்ன ஆபரேஷன்தான் என்று தைரியம் சொன்னேன். ஏதோ நானே நாலு ஆபரேஷன் செய்தவன் மாதிரி! அடுத்துப் பார்த்தபோது பி.பி. இன்னும் பத்து கூடியிருந்தது. மனைவி என்னை முறைத்தாள்.

நர்ஸ் பெயர் ஜெயந்தி. ஏற்காட்டுக்காரர். கையில் ஒரு படிவத்தோடு வந்தார். தூக்கம் வருகிறதா, பயமாக இருக்கிறதா, படபடப்பு உண்டா... எல்லாவற்றுக்கும் மல்லிகாவின் பதில், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க." கவலைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே ஒன்று என்றார்.

நானாக இருந்தால் ஒன்று என்று எழுதிக்கொண்டு போயிருப்பேன். ஜெயந்தி போகவில்லை. மல்லிகாவின் விரல்கள் போர்வை ஓரத்து நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தன. கண் அடிக்கடி சுவர்க் கடிகாரத்துக்குப் போய் வந்தது. ஜெயந்தி கட்டிலில் தொங்கிய சார்ட்டை எடுத்துப் புரட்டினார். காலையில் சரியாக இருக்கிறது, மதியமும் சரி, நாலு மணிக்கு ஏறுகிறது. அது மட்டுமில்லை, செவ்வாய்க்கிழமையும் ஏறியிருக்கிறது. அன்றைக்குத்தான் சர்ஜனே வருவதில்லையே! கத்திக்குப் பயந்த பி.பி. என்றால் செவ்வாய்க்கிழமை ஏன் ஏற வேண்டும்?

படிவத்தை மடித்து வைத்துவிட்டு, அதில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"ஏனுங்க்கா, இந்நேரத்துக்கு ஊட்டுல இருந்தா என்ன பண்ணிட்டு இருப்பீங்க?"

மல்லிகா நூலை விட்டுவிட்டார். பிறகு, "ரோட்டு வளைவுல நிப்பேனுங்க. நாலரை பஸ்ஸுக்குப் புள்ள வருமுங்க. அங்கிருந்து ஊடு வரைக்கும் ஒத்தையடிப் பாதை. காட்டெருமை நிக்குமுங்க" என்றார்.

மகள் ஆறாம் வகுப்பு. ராத்திரிக்குப் பக்கத்து வீட்டில் படுத்துக்கொள்வாள். ஆனால் அறுவடைக் காலம். பறித்த பழத்தை எடை போட்டு முடித்து அக்கம்பக்கத்தார் வீடு திரும்ப ஐந்தரை ஆகும். நாலரைக்கு அந்தப் பாதையில் பிள்ளை தனியாக. இதை ஏன் முன்பே சொல்லவில்லை? உடம்பைப் பற்றிக் கேட்டார்கள், உடம்பைப் பற்றிச் சொன்னார். வீட்டுக் கதையை ஆஸ்பத்திரியில் யார் சொல்வார்கள்?

மணி நாலு ஐந்து. சர்ஜன் வந்தாயிற்று, பி.பி. நூற்று எழுபது. ஜெயந்தி அவரிடம் ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டார். வாங்கியும்விட்டார். உடனே எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டருக்கு போன். எடை போடுகிற நேரம், ஆளை அனுப்ப முடியாது என்று அந்தப் பக்கம் முனகல் கேட்டது.

"காப்பிப் பழம் எங்கியும் ஓடிப் போயிராதுங்க. நீங்களே வண்டிய எடுத்துட்டுப் போயி புள்ளைய ஊட்டுல உட்டுட்டு வாங்க."

அத்தனை மரியாதையான அதிகாரத்தை நான் எந்த அலுவலகத்திலும் கேட்டதில்லை. ரைட்டர் போனார்.

நாலே முக்காலுக்கு போன் அடித்தது. ஜெயந்தி அதை மல்லிகாவின் காதில் வைத்தார். ஊட்டுக்கு வந்துட்டேம்மா என்று ஒரு சின்னக் குரல். மல்லிகா அழுதார். அழுது முடிக்கட்டும் என்று பொறுத்திருந்து பி.பி. பார்த்தார் ஜெயந்தி. நூற்று முப்பத்து நாலு! என் மனைவி கட்டுப் போட்ட காலோடு எழுந்து நிற்கப் பார்த்தாள். நான் கை தட்டியே விட்டேன். வாய்விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

ஸ்ட்ரெச்சர் போயிற்று. கட்டி வெளியே வந்தது.

ஏழு மணிக்கு மல்லிகா லேசாகக் கண் விழித்தபோது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஜெயந்தி சொல்லவில்லை. குனிந்து, "புள்ள சாப்புட்டுப் பக்கத்தூட்டுல படிச்சிட்டு இருக்குதுங்க்கா" என்றார்.

அதற்குப் பிறகுதான் மல்லிகா கேட்டார், "எனக்கு ஆப்பரேசன் ஆயிருச்சுங்களா?"

'டென்ஷன் ஆகாதீங்க' என்று இனி ஒருவரிடமும் நான் வாய் திறப்பதாக இல்லை!