சனிக்கிழமை மட்டும் மூச்சு வாங்கிய கார்

பூலாம்பாடியில் பிறந்தபோது வைத்த பெயர் வைரக்கண்ணு. அரியலூர் வந்து கார் எலக்ட்ரீஷியன் ஆனதும் ஊர் அதை ‘வயருகண்ணு’ என்று திருத்திக்கொண்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கெசட்டில் போட்டுப் பெயரை மாற்றிக்கொள்கிறவர்கள் படுகிற பாட்டை நினைத்தால் இது சும்மா கிடைத்ததுதானே.

அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வெங்காயக் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். மகன் ஐ.டி.ஐ. முடித்தான், பன்னிரண்டு வருஷம் சிமெண்ட் லாரிகளுக்கு வயரிங் பார்த்தான். நாற்பத்தாறு வயதில் இப்போது ஜெயங்கொண்டம் ரோட்டில் சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை. மற்றவர்கள் வண்டி வந்ததும் பானெட்டைத் திறப்பார்கள். இவர் வாயைத் திறப்பார். எப்போதிலிருந்து? வெயிலிலா, மழையிலா? மேடு ஏறும்போதா, இறங்கும்போதா? ரிப்பேருக்கு வந்தால் மனுஷன் ஜாதகம் கேட்கிறார் என்று அவசரக்காரர்கள் முனகுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பின்னால் ஒரு டவுன் பஸ் கத்திக்கொண்டே வர, ஊர்வலம் போகிற வேகத்தில் அழகேசனின் கார் வந்து நின்றது. அவன் ரெட்டிபாளையத்துக்காரன். பின் சீட்டில் அவனுடைய அக்கா அம்சவள்ளி. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்வெடுத்துக்கொண்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மதியம் ஒரு மணிக்குப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். போன சனிக்கிழமை கார் பாதி வழியில் நின்றது. கூட்ட பஸ்ஸில் தொங்கிப் போய்ச் சேர்வதற்குள் அவருடைய முறை அடுத்தவருக்குப் போய்விட்டது. மறுநாள் கால் வீங்கி, மூச்சு முட்டி, வீடே பயந்துபோனது. இன்றைக்கும் தவறினால் உயிருக்கே ஆபத்து.

“அண்ணே, நாப்பதத் தாண்டவே மாட்டேங்குது. அப்பறம் அதுவும் இல்லாம நின்னுருது.”

“எப்பல்லாம்?”

“சனிக்கெழம மட்டுந்தான்.”

“செவ்வா, வியாழன்?”

“குதிரையாட்டம் போவுது.”

ஏற்கெனவே சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்து, எஞ்சினுக்குள் போகிற காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் போச்சு என்று மாற்றினார்கள். அடுத்த சனிக்கிழமை, புது சென்சாரும் போச்சு என்றது கம்ப்யூட்டர். அதையும் மாற்றினார்கள். ஜோசியர் கிழமையைக் கேட்ட மாத்திரத்தில் கிரகத்தைப் பிடித்துவிட்டார். வண்டிக்குக் கீழே குனிந்து பார்க்கவில்லை என்ற ஒரு விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் ஒற்றுமை இருந்தது.

வைரக்கண்ணு மீட்டரை எடுத்தார். சென்சாருக்குப் போகிற ஐந்து வோல்ட் சரியாக இருந்தது. சென்சார் திருப்பிச் சொல்கிற பதில்தான் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும்போது வேறாக இருந்தது.

“சென்சார் பொய் சொல்லல தம்பி. சொல்லி அனுப்புன சேதிய நடுவுல யாரோ மாத்துறாங்க.”

“எங்க மாமியா வூடு மாதிரியாண்ணே?”

எஞ்சினை ஓடவிட்டு, வயரை விரல்களால் ஒவ்வொரு அங்குலமாக அசைத்துக்கொண்டே போனார். முன் பம்பருக்குக் கீழே கை போனதும் மீட்டரில் எண் துள்ளியது. அப்படியே படுத்து உள்ளே நகர்ந்தார். வெளியே வந்தபோது கையில் ஐந்து எலுமிச்சம்பழம், ஒரு பிடி பச்சை மிளகாய், ஒரு கரித்துண்டு. எல்லாம் ஒரே கட்டுக்கம்பியில்.

“யாரு கட்டுனது?”

கார் ஜன்னலிலிருந்து பதில் வந்தது. “நாந்தான் தம்பி. வெள்ளிக்கு வெள்ளி புதுசா மாத்துவேன். ஏன்?”

“எதுலக்கா கட்டுனீங்க?”

“கீழ கறுப்பா ஒரு கயிறு தொங்குச்சு. திருஷ்டி கட்டத்தான் கம்பெனிக்காரனே வுட்டுருக்கான்னு நெனச்சேன்.”

கிளிப் உடைந்து தொங்கியது சென்சார் வயர். கட்டுக்கம்பி அதன் மேல்தோலை அறுத்திருந்தது. வெள்ளிக்கிழமை குத்திய பழத்தின் சாறு கம்பி வழியே அந்தக் காயத்தில் இறங்க, சனிக்கிழமை முழுக்க கரண்டு கசிந்தது. செவ்வாய்க்குள் பழம் வெயிலில் சுண்டிக் கொட்டைப்பாக்காகிவிடும், கார் குதிரையாகிவிடும். முதலில் கட்டியது ஒரே பழம். கார் நின்றது, மூன்றாக்கினார். மறுபடி நின்றது, ஐந்தாக்கினார். இன்னும் நாலு சனிக்கிழமை போயிருந்தால் காருக்கு முன்னால் ஒரு தோப்பே தொங்கியிருக்கும்.

“அக்கா, எல்லாம் நீ பண்ணுன...” என்று அழகேசன் ஆரம்பித்தான். வைரக்கண்ணு அவன் கையில் டேப் சுருளைத் திணித்தார். “பேசாம இதப் புடி.”

அறுந்த இடத்தைச் சுத்தம் செய்து, பற்றவைத்து, டேப் சுற்றி, வயரை மேலே தூக்கிக் கட்டி முடித்தபோது மணி பன்னிரண்டேகால். அழகேசன் சாவியைத் திருகினான். அம்சவள்ளி கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கினார்.

“பழம் இல்லாம நான் ஏற மாட்டேன்.”

“அக்கா, மணியப் பாரு!”

“என் ஒடம்புதான் இப்புடிப் போச்சு. வண்டிக்காச்சும் கண்ணு படாம இருக்கட்டும்டா.”

வைரக்கண்ணு தலையைச் சொறிந்தார். அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் நேரான பதில் கிடைக்காது. அவர் கொட்டகை வாசலிலும் ஒரு எலுமிச்சை தொங்குகிறது. பக்கத்தில் வயர் எதுவும் போகாத இடமாகப் பார்த்து.

“கட்டாதீங்கன்னு யாருக்கா சொன்னா? பின்னால கட்டுங்க.”

“பின்னாலயா? கண்ணு முன்னாலதான தம்பி படும்?”

“எதுக்க வர்றவன் ஒரு நொடி பாத்துட்டுப் போயிடுறான். பின்னால வர்றவன் பெரம்பலூர் வரைக்கும் பாத்துக்கிட்டே வர்றான். எது பெரிய கண்ணு?”

அம்சவள்ளி யோசித்தார். அழகேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“அதுவும் நாயந்தான். டேய், பின்னாடி கட்டுடா.”

கம்பி வேண்டாம் என்று வைரக்கண்ணு நூல் கொடுத்தார். பழமும் ஒன்றே ஒன்று. கார் கிளம்பிப் போனது. அடுத்து வந்த லாரிக்காரரிடம் கேள்வி கேட்க வேண்டியவர், அன்று கேட்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று பத்துக்குப் போன் வந்தது.

“தம்பி, பன்னண்டே முக்காலுக்கே வந்துட்டோம். மெசின்ல போட்டுட்டாங்க. நர்சம்மா போன வைக்கச் சொல்லித் திட்டுது.”

“வண்டி நல்லாப் போச்சாக்கா?”

“நல்லாவா! தொண்ணூறுல வந்தான் படுபாவி, எனக்கு உசுரே இல்ல. அவன் காலுக்குப் போற வயரு எதாச்சும் இருந்தா, அதக் கொஞ்சம் தளத்தி வுடு தம்பி.”