பாஸ்போர்ட்டுக்கு வைத்த பொட்டு

ரமணாசிரமம் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி ஆறு வருடம் குடியிருந்தார். எங்களுக்கு அவர் மேடம். மாடியில் குரங்குத் தொல்லை என்பதால் பாஸ்போர்ட்டை என் பீரோவில்தான் வைத்திருந்தார்.

அந்த ஆண்டு சரஸ்வதி பூஜைக்குப் பிள்ளைகளின் புத்தகங்கள், வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் அடுக்கினேன். மேடத்துடையது மட்டும் என்ன பாவம் செய்தது என்று பாஸ்போர்ட்டையும் சேர்த்தேன். திறந்தால் போட்டோவில் அவர் நெற்றி வெறிச்சென்று இருந்தது. மனசு கேட்கவில்லை. குங்குமத்தைக் குழைத்து ஒரு பொட்டு வைத்தேன். அழகாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் அவர் ஊரிலிருந்து போன் வந்தது. அவருடைய அம்மா சாகக் கிடக்கிறார், உடனே வா என்றார்கள். நான் அவசரமாகப் பாஸ்போர்ட்டை எடுத்து ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தேன். போட்டோமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளின் பிரிந்த ஓரம் வழியாக உள்ளே தண்ணீர் இறங்கி, முகம் முழுக்கச் சிவப்பு பரவிவிட்டது.

டிக்கெட் போடும் ஏஜென்ட் அதைப் பார்த்ததுமே கையை விரித்தார். "இத வச்சிக்கினு பிளைட் ஏற வுடமாட்டாங்க. மொதல்ல அவங்க கான்சலேட்டுக்குப் போன் போடுங்க."

எஸ்.டி.டி. பூத்திலிருந்து மேடம் பேசினார். நேரில் வரச் சொன்னார்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் சென்னைக்குக் கிளம்பினோம். ஒரு முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள் என்று வழியெல்லாம் நான் தைரியம் சொல்லிக்கொண்டே போனேன். மேடம் அந்தச் சிவந்த பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

அவர் நாட்டுத் தூதரக ஆபீஸில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நம்மவர். பக்கத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"யார் செஞ்சது இது?"

"நான்தாங்க. பூஜையில வச்சேன்."

"எங்க வீட்லயும் எல்லாத்துக்கும் பொட்டு வைப்போம்மா. ஆனா இது இவங்க சொத்துகூட இல்ல, இவங்க கவர்மென்ட் சொத்து. இனிமே செல்லாது. அவசரத்துக்கு வேற பேப்பர் தருவோம். அங்கேருந்து பதில் வரணும், மூணு நாளாவும்."

"என்மேல கேஸ் போடுங்க, எழுதித் தரேன், இவங்கள இன்னிக்கே அனுப்புங்க!" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். மூன்று நாள் மூன்று நாள்தான் என்றார். ஆனால் மேடத்தைத் தன் அறைக்கு அழைத்துப் போய், ஊருக்குப் பேசச் சொல்லித் தொலைபேசியைக் கொடுத்தார்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேடம் மெதுவாக ஏதோ சொன்னார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும், "அம்மா பேசல. மூச்சு மட்டும் கேட்டுது" என்றார்.

பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் தங்கினோம். மறுநாள் காலையில் தாயார் போய்விட்ட செய்தி வந்தது. மேடத்தின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் காலை விடுவித்துக்கொண்டு முகம் கழுவப் போனார்.

மூன்றாம் நாள் பேப்பர் வந்தது. அடக்கத்துக்காவது போய்ச் சேரலாம். குமாஸ்தா அதை ஜன்னல் வழியாக நீட்டியபோது மேடத்தின் இரண்டு கையிலும் பை இருந்தது. வாங்கிக்கொள்ளலாம் என்று நான் முன்னே போனேன்.

மேடம் பைகளைத் தரையில் வைத்தார்.

"இத மட்டும் தொடாதீங்க அக்கா" என்றார்.