உள்பக்கம் தாழ் போட்ட கதவு

இதைச் சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "போட்டோவில் ஏதாவது விழுந்ததா?" என்றுதான். விழவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிலிமில் ஒன்றும் இல்லை. ஆனால் நான் கேட்டது கேட்டதுதான். தொட்டது தொட்டதுதான். இட்டுக்கட்டிச் சொல்ல எனக்கு வராது.

என் பெயர் ஜொவிட்டா. 1995-இல் மந்தைவெளியில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். பாஸ்போர்ட் படம், கல்யாணம், ஞானஸ்நானம். அது பிழைப்பு. எனக்கென்று இன்னொரு வேலையும் இருந்தது. இடிக்கிற வீடுகளைப் படம் எடுப்பது.

சாந்தோமில் நான் பிறந்து வளர்ந்தது ஒரு வாடகை வீடு. அம்மா இறந்ததும் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். நான் பெண்கள் விடுதிக்குப் போனேன். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பக்கம் போனால் வீடு இல்லை. செங்கல் குவியல். அதன் மேல் எங்கள் சமையலறைச் சுவரின் ஒரு பச்சைத் துண்டு. ஊரார் முகத்தையெல்லாம் படம் பிடித்த என்னிடம் அந்த வீட்டின் படம் ஒன்றுகூட இல்லை.

அப்போது தொடங்கியது இது. தி.நகர், அடையாறு, மயிலாப்பூர் என்று எங்கே பார்த்தாலும் பழைய பங்களாக்களை இடித்து அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். பாதிச் சுவர். சாமி படம் மாட்டிய இடத்தில் மட்டும் வெளுக்காத சுண்ணாம்பு. மேலே வானம் தெரியும் படுக்கையறை. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. எடுத்ததை யாருக்கும் காட்டியதும் இல்லை. காட்ட ஆளும் இல்லை.

அந்த அக்டோபரில் ஒரு ஞாயிறு. கோபாலபுரம். முன்பக்கம் முழுக்க இடித்திருந்த வீடு. வாசலில் வாட்ச்மேன் தணிகாசலம் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"இதுல இன்னா கீதுன்னு போட்டோ புடிக்கிற?"

"சும்மாதான்ணா. அரை மணி நேரத்துல வந்துடறேன்."

"மழ வர்ற மாதிரி கீது. சீக்கிரம் வந்துரு."

கூடத்தில் கூரை இல்லை. பின்னால் நடையில் மட்டும் மேல்தளம் மிச்சம் இருந்தது. அங்கே கேமரா ஸ்டாண்டை வைத்தேன். மணி ஐந்தரை. மேகமூட்டம். வெளிச்சம் போதாததால் ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டரை நிறைய நேரம் திறந்து வைக்க வேண்டும். அசையாமல் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

சொட்...

சொட்...

வாளியில் தண்ணீர் விழும் சத்தம். யாரோ குழாயைச் சரியாக மூடவில்லை என்று நினைத்தேன். பிறகுதான் சுவரைப் பார்த்தேன். வரிசையாக ஓட்டைகள். குழாய்களை எல்லாம் ஏற்கெனவே பிடுங்கி எடுத்துவிட்டார்கள்.

பிறகு சந்தன சோப்பு வாசனை வந்தது.

நடையின் கோடியில் ஒரு கதவு. கீழே தகரம் அடித்த பழைய மரக்கதவு. குளியலறையாக இருக்க வேண்டும். உள்ளே சொம்பு தரையில் உருளும் சத்தம்.

"குரு..."

வயதான பெண்குரல்.

"குரு, வந்துட்டியாடா?"

வீட்டுக்காரர்கள் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். சத்தியமாக அப்போது பயம் இல்லை.

"நான் போட்டோ எடுக்க வந்தவம்மா. இங்க வேற யாரும் இல்ல."

"குரு வரலையா..."

"இல்லம்மா."

"விழுந்துட்டேன். எழுந்துக்க முடியலைம்மா."

கதவைத் தள்ளினேன். அசையவில்லை. உள்பக்கம் தாழ். தோளைக் கொடுத்து அழுத்தினேன். மரம் ஈரமாக, ஜில்லென்று இருந்தது.

"இருங்கம்மா. ஆளைக் கூட்டிட்டு வந்துடறேன்."

"போகாதே..."

குரல் கதவுக்கு மிக அருகில் வந்திருந்தது.

"போகாதே. பேசிண்டிரு."

ஓடினேன். தணிகாசலத்தை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அவர் டார்ச் அடித்தார்.

"எந்தக் கதவும்மா?"

கதவு இல்லை.

நிலைகூட இல்லை. சுவரில் வெறும் திறப்பு.

"கதவு, ஜன்னலு எல்லாத்தையும் போன வாரமே லாரில ஏத்திக்கினு போய்ட்டாங்களே."

திறப்புக்கு அந்தப் பக்கம் குளியலறையே இல்லை. தூண் போடத் தோண்டிய குழி. ஓர் ஆளுக்கு மேல் ஆழம். அடியில் இரும்புக் கம்பிகள் நிமிர்ந்து நின்றன. நான் தோள் கொடுத்து அழுத்திய இடத்தில் காற்றுதான் இருந்தது.

தோளைத் தொட்டுப் பார்த்தேன். துணி நனைந்திருந்தது.

மழை இன்னும் தொடங்கவில்லை.

அன்றிரவு விடுதியில் விளக்கை அணைக்காமல் படுத்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. யாரிடம் சொல்வது? மறுநாள் ஸ்டூடியோவில் பிலிமைக் கழுவினேன். சுவர், தூசி, வெறும் திறப்பு. அவ்வளவுதான். மறு ஞாயிறு மனது கேட்காமல் அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டின் மணியை அடித்தேன். ஸ்ரீரஞ்சனி என்ற அம்மாள் உட்காரச் சொன்னார். அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று நான் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"அது சுப்புலக்ஷ்மி மாமியோட வீடு. தனியாத்தான் இருந்தா. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. உள்ளே தாழ் போட்டிருந்தது. மூணாம் நாள்தான் கதவை ஒடைச்சுப் பார்த்தோம். உயிர் இல்லை."

"கூப்பிட்டிருப்பாங்களே... யாருக்கும் கேக்கலையா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"கேட்டுது. குரு, குருன்னு ரெண்டு நாளும் கேட்டுண்டேதான் இருந்தது. அமெரிக்காலேர்ந்து பிள்ளை குருபிரசாத் வந்திருக்கான்னு நெனச்சோம். அம்மாவும் பிள்ளையுமா இருக்கட்டுமேன்னு யாரும் எட்டிப் பார்க்கலை."

எழுந்தேன். வாசல்வரை கூடவே வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இப்பவும் சாயங்காலத்துல கேக்கறது. ஆனா ஒரு வாரமா குருன்னு கூப்பிடறதில்லை. வேற ஏதோ பேரு. கிறிஸ்தவாள் பேராட்டம் இருக்கு. எனக்கு வாயில நுழையலை."

பிறகு கேட்டார்.

"உன் பேரு என்னம்மா?"

இடிபட்ட அந்த வீட்டில் நான் யாரிடமும் பெயர் சொல்லியிருக்கவில்லை. அவரிடமும் சொல்லாமல் படியிறங்கினேன்.